பதினெட்டுக்கு ஒரு டிகிரி கீழே

தென்னாப்பிரிக்க வரைபடத்தில் தெற்கு அட்சரேகை 29-ஐயும் 30-ஐயும் ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக விரலை நகர்த்துங்கள். மேற்குக் கரையில் அட்லாண்டிக்கைப் பார்த்தபடி போர்ட் நொலோத் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. கிழக்குக் கரையில் இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி டர்பன். சூரியன் இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறது. பகலின் நீளமும் ஒன்றுதான். ஆனால் போர்ட் நொலோத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைத் தொடாது. டர்பனில் அது சுமார் 1000 மில்லிமீட்டர். முதல் ஊரில் மணலும் மூடுபனியும். இரண்டாவது ஊரில் கரும்பு. அந்தக் கரும்பைத் தொட்டுத்தான் ஒன்றரை லட்சம் பேரின் கதை தொடங்குகிறது. அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்.

ஒரே அட்சரேகையில் இந்த வேறுபாடு எப்படி வந்தது? நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று, 30 டிகிரியை ஒட்டிய பகுதியில் மீண்டும் கீழே இறங்குகிறது. அங்கே கடல்களின் மேல் பெரிய உயரழுத்த வட்டங்கள் உருவாகின்றன. தென்கோளத்தில் இவை கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கின்றன. இந்தியப் பெருங்கடல் வட்டத்தின் மேற்கு ஓரத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. அதாவது வெப்பமண்டலக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அதன் கீழே அகுலாஸ் என்னும் வெந்நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது. அப்படி வரும் காற்றை 3000 மீட்டருக்கு மேல் உயர்ந்த டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் மேலே தள்ளுகிறது. கோடை மாலைகளில் இடியும் மழையும் கொட்டுவது இதனால்தான். அட்லாண்டிக் வட்டத்தின் கிழக்கு ஓரத்திலோ கதை தலைகீழ். காற்று குளிர்ந்த தெற்கிலிருந்து வருகிறது. கீழே ஓடுவது பென்குவேலா என்னும் தண்ணீரோட்டம். மேலிருந்து இறங்கும் வறண்ட காற்று மேகத்தை வளரவிடுவதில்லை. விளைவு பாலைவனம்.

இது தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் உரிய விந்தையல்ல. பிரிஸ்பேன், ஷாங்காய், போனஸ் அயர்ஸ், ஹூஸ்டன், அட்லாண்டா எல்லாமே கண்டங்களின் கிழக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இதே அட்சரேகைகளில் கிடக்கும் ஊர்கள்தாம். கோடையில் கசகசப்பு, நடுப்பகலில் ஈரத் துணி போல உடம்பில் ஒட்டும் காற்று, குளிர்காலத்தில் எலும்பை உறைய வைக்காத மிதமான குளிர். இதை ஈரப்பதமான துணை வெப்பமண்டலக் காலநிலை என்கிறோம். அயன அயல் மண்டலம் என்றும் எழுதுவதுண்டு. கடந்த அரை நூற்றாண்டில் ஊரைவிட்டுக் கிளம்பிய நம்மில் பலர் வந்து சேர்ந்திருப்பது இந்தக் காலநிலைக்குள்தான். இந்த இதழை அங்கே வைத்துப் படிக்கும் பலருக்கு நான் சொல்லும் கசகசப்பு நன்றாகவே தெரியும்.

இந்தப் பிரிவுகளுக்கு எல்லை வரைந்தவர் விளாடிமிர் கெப்பன். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்தவர். வானிலை ஆய்வாளராக அறியப்பட்டாலும் தாவரங்களில் தொடங்கியவர். வெப்பநிலைக்கும் செடியின் வளர்ச்சிக்கும் உள்ள உறவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆகவே உலகின் காலநிலைகளைப் பிரித்தபோது செடிகளையே வெப்பமானியாக எடுத்துக்கொண்டார். ஆண்டின் மிகக் குளிரான மாதத்திலும் சராசரி வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போகாத இடங்கள் ஒரு பிரிவு. அதற்குக் கீழே போனாலும் உறைபனியில் அமிழ்ந்துவிடாத இடங்கள் இன்னொரு பிரிவு. தென்னையும் வாழையும் கவலையின்றி நிற்கும் நாட்டுக்கும் அவை சற்றுத் தயங்கும் நாட்டுக்கும் இடையே போட்ட வேலி அது.

டர்பனின் ஜூலை மாதச் சராசரி சுமார் 17 டிகிரி. ஒரே ஒரு டிகிரியில் அந்த ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது.

இந்த ஒரு டிகிரியைக் கரும்பு நன்றாக அறியும். பிரிட்டிஷார் நேட்டாலை 1843இல் தங்கள் வசமாக்கிய பிறகு, அங்கே என்ன விளைவிக்கலாம் என்று பருத்தி, காப்பி என ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். எட்மண்ட் மோர்வுட் என்பவர் டர்பனுக்கு வடக்கே காம்பென்சேஷன் என்ற பண்ணையில் 1851இல் முதன்முதலாகச் சர்க்கரை எடுத்தார். நட்ட கரும்பு மொரீஷியஸிலிருந்து வந்தது. மொரீஷியஸ் வெப்பமண்டலத்தில் இருக்கிறது; நேட்டால் இல்லை. கரும்பு வளர்ந்தது, ஆனால் மெதுவாக. நம் ஊரில் பத்து பன்னிரண்டு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும் பயிர், நேட்டாலின் குளிர்ந்த மேட்டு நிலங்களில் இரண்டு ஆண்டு வரைகூட நிற்கிறது. மறுபக்கம் ஒரு நன்மையும் இருந்தது. குளிர்காலத்தில் மழை நின்று இரவுகள் குளிரும்போது, கரும்பு வளர்வதைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையைத் தண்டில் சேமிக்கிறது. அதனால் அங்கே ஆலைகள் ஏப்ரல், மே வாக்கில் அரைக்கத் தொடங்கி டிசம்பர் வரை ஓடுகின்றன.

காலநிலை செய்தது இவ்வளவுதான். பயிர் எது, அது எத்தனை மாதம் நிற்கும், எந்த மாதத்தில் வெட்ட வேண்டும் என்று சொன்னது. யார் வெட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

அதைச் சொன்னது சட்டம். நேட்டாலில் ஆள்பஞ்சம் இருக்கவில்லை. ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. கோடை மழையோடு அவர்களுடைய வயலிலும் வேலை தொடங்கிவிடும். தோட்டக்காரர்கள் கொடுக்க விரும்பிய கூலிக்கு ஆண்டு முழுவதும் கட்டுப்பட்டு நிற்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. எனவே 1859இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரச் சட்டம் இயற்றினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆண்டுக் கூலி மாதம் பத்து ஷில்லிங். வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம். முதலாளி அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டு வெளியே போனால் சிறை. இந்த முறை 1911 வரை நீடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

அவர்கள் கிளம்பிய ஊரின் காலநிலையோடு சேர்ந்த ஊரை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையின் மிகக் குளிரான மாதத்துச் சராசரியும் டர்பனின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியும் ஏறக்குறைய ஒன்றுதான்: 25 டிகிரியை ஒட்டி. அதாவது ஆர்க்காட்டுக் கிராமத்திலிருந்து போனவருக்கு நேட்டாலின் உச்சக் கோடையே மார்கழியும் தையும் போல. அதன் பிறகு வந்த ஜூன், ஜூலை அவர் வாழ்க்கையில் அதுவரை இல்லாத பருவம். உள்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் உறைபனியையே பார்த்தார்கள்.

‘இந்த வெயில் அவர்களுக்குப் பழக்கம்’ என்ற பேச்சு அன்றைய காலனிகள் எங்கும் புழங்கியது. வெள்ளையரின் உடம்பு வெயில் நாட்டு வயல்வேலைக்கு ஆகாது, கறுத்தவர்களின் உடம்பு அதற்கென்றே ஆனது என்பது மருத்துவம் போலவே பேசப்பட்டது. இந்தக் கருத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே இரண்டு வாய்ப்புகளைத் தந்திருக்கிறது.

முதலாவது நான் வாழும் குவீன்ஸ்லாந்தில். இங்கே 1863 முதல் பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரை, பலரை ஏமாற்றியும் கடத்தியும், கொண்டுவந்து பருத்தியிலும் கரும்பிலும் வேலை வாங்கினார்கள். வெள்ளையரால் முடியாது என்பதே அப்போதும் காரணம். 1901இல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை வந்தது. தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்பச் சட்டம் போட்டார்கள். 1908க்குள் பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டார்கள். வெள்ளைத் தொழிலாளர் விளைவிக்கும் சர்க்கரைக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய கரும்பு முழுவதையும் வெள்ளையர்களே வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. கூலி கூடியது, அவ்வளவுதான்.

இரண்டாவது நேட்டாலிலேயே நடந்தது. காப்பி தோற்ற பிறகு லீஜ் ஹியூலட் என்பவர் 1877இல் கியர்ஸ்னியில் தேயிலை பயிரிட்டார். அது நன்றாகவே வந்தது. தேயிலைக்கு ஆண்டில் பல மாதம் கொழுந்து பறிக்கக் கை வேண்டும். ஒப்பந்தக் கூலிகள் அந்தக் கைகளைத் தந்தார்கள். கோபால கிருஷ்ண கோகலே 1910இல் இந்தியாவின் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1911 ஜூலையோடு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே தேயிலை ஏறக்குறைய மறைந்து, அந்த நிலமும் கரும்புக்குப் போனது. மழை அதே மழை, மலைச்சரிவு அதே மலைச்சரிவு. நின்றது கப்பல் மட்டும். ஒரு பயிரைக் காலநிலை தாங்கியதா, மலிவான கை தாங்கியதா என்று கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

நான் கணினித் துறையில் ஆலோசகன். முதுகலை படிக்க பிரிஸ்பேனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக ஐந்து வாரம் டர்பனில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்த பெண் ஐந்தாம் தலைமுறை. என்னை முதல் நாளிலிருந்தே ‘அண்ணா’ என்றுதான் அழைத்தார். தமிழில் அவருக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது சொற்களில் அது ஒன்று. ஒருநாள் மதியம், தன் கொள்ளுப்பாட்டியின் தாய் வந்த கப்பலின் பதிவேட்டுப் பக்கத்தைக் கைபேசியில் காட்டினார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். ‘இடது கணுக்காலில் தழும்பு’ என்று எழுதியிருந்தது. “அண்ணா, இவங்க கிட்ட இருந்து எங்களுக்கு வந்தது இந்தத் தழும்பு ஒன்னுதான்” என்றார். கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்கு மீட்க நாங்கள் இருவரும் அரை மணி நேரம் முயன்றோம். மூன்று ஊர்கள் பொருந்தின. மூன்றில் எது என்று அந்தப் பதிவேட்டால் சொல்ல முடியாது.

அந்த வாரங்களில்தான் பருவங்கள் புரண்டு கிடப்பதைக் கவனித்தேன். பஞ்சாங்கத்தை அவர்கள் கைவிடவில்லை. தைப்பூசக் காவடி அங்கே உண்டு, ஆனால் அது உச்சக் கோடையில், தார்ச்சாலை கால் சுடும் நாளில் வருகிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அது வறண்ட குளிர்காலம், ஆலைகள் இரவும் பகலும் ஓடும் காலம். பொங்கலன்று ஆலைகள் மூடிக் கிடக்கும், வயலில் கரும்பு இளசாக இருக்கும். அறுவடைத் திருநாள் அங்கே அறுவடையைத் தொடவில்லை. நூற்று அறுபது ஆண்டுகளாக நாட்காட்டி ஒரு கோளத்திலும் மழை இன்னொரு கோளத்திலும் இருந்தும், நோன்பும் நேர்த்திக்கடனும் நிற்கவில்லை.

டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கம் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கரும்புத் தோட்டத்துத் தொழிலாளர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 1895இல் விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து 1913இல் வேலைநிறுத்தம் நடந்தபோது, காவலர்கள் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்ற இடங்களில் அதுவும் ஒன்று. அதே மவுண்ட் எட்ஜ்கம்மில்தான் 1925இல் தென்னாப்பிரிக்கச் சர்க்கரைச் சங்கம் தன் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அதன் கதை என் சொந்த ஊருக்கு வந்து முடிகிறது.

கோவையில் மருதமலை சாலையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பேருந்தில் அதன் மதில் சுவரைத் தினமும் கடந்தவன் நான். 1912இல் தொடங்கிய அந்த நிலையத்தில் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கரும்புகள் தமிழ்நாட்டுக்கானவை அல்ல. குளிரும் உறைபனியும் உள்ள வட இந்தியத் துணை வெப்பமண்டலத்துக்கானவை. பிறகு ஏன் கோவை? கரும்பை வயலில் கரணை நட்டுத்தான் வளர்க்கிறோம். புதிய ரகம் வேண்டுமென்றால் அது பூக்க வேண்டும், மகரந்தம் உயிரோடு இருக்க வேண்டும். குளிர்ந்த இரவுகளில் மகரந்தம் மலடாகிவிடும். கோவையின் பகல்நீளமும் வெப்பமும் கரும்பைப் பூக்க வைத்தன. ‘வெள்ளை’ என்றே பெயருள்ள தடித்த கரும்பையும், ஆற்றோரப் பேய்க்கரும்பையும் கலந்து பிறந்தது கோ 205. அது 1918இல் வெளிவந்து பஞ்சாப்பின் வயல்களுக்குப் போனது. இனிப்பு வெள்ளையிடமிருந்து, கடினம் பேய்க்கரும்பிடமிருந்து.

நேட்டாலுக்கும் அதே பிரச்சினை. அங்கே நெடுங்காலம் உபா என்ற மெல்லிய, கெட்டியான, சாறு குறைந்த கரும்பைத்தான் நட்டார்கள். குளிரையும் நோயையும் தாங்கும் என்பதே அதன் தகுதி. 1930களில் கோ 281, கோ 290, கோ 301 ஆகியவை கோவையிலிருந்து போய் உபாவை விரட்டத் தொடங்கின. சொந்தமாக ரகம் உருவாக்க விரும்பியபோது, நேட்டாலின் குளிர்காலத்தில் நல்ல விதை கிடைக்கவில்லை. ஆகவே கோவையில் கோ 421ஐயும் கோ 312ஐயும் கலந்து எடுத்த, பஞ்சு போன்ற விதைகளைக் கப்பலில் வரவழைத்து மவுண்ட் எட்ஜ்கம்மில் முளைக்க வைத்தார்கள். அந்த நாற்றுகளில் தேறிய ஒன்று 1945இல் என்கோ 310 என்ற பெயரில் வெளிவந்தது. ‘என்’ நேட்டால், ‘கோ’ கோயம்புத்தூர். அது நேட்டாலின் வயல்களை நிறைத்தது. தைவானிலும் ஒக்கினாவாவிலும் பல்லாண்டுகள் ஆண்டது. என் வீட்டிலிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் பண்டபர்க் வயல்களிலும் 1970கள் வரை, ஃபிஜி நோய் வந்து தாக்கும்வரை, நின்றது.

இந்த ஆண்டுகளை இன்னொரு பட்டியலோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். கோவையின் கரும்பு நேட்டாலில் குடியேறுவதற்குச் சற்று முன், 1927இல், கேப்டவுன் ஒப்பந்தத்தின்படி இந்தியர்களைப் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. என்கோ 310 வெளிவந்த மறு ஆண்டு, 1946இல், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் சட்டம் வந்தது. நேட்டாலின் எந்த மண்ணிலும் அந்தக் கரும்பை நடலாம். அதன் பெயரில் பாதியைத் தந்த நாட்டிலிருந்து வந்து அந்த நிலத்தைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணை விரும்பிய இடத்தில் வாங்க முடியாது. 1950இல் குழுப்பகுதிச் சட்டம் மீதியையும் முடித்தது. செடிக்குக் காலநிலை ஒத்துப்போகிறதா என்றுதான் கேட்டார்கள். மனிதருக்கு வேறு கேள்விகள் இருந்தன.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் பலர் டர்பனைச் சுற்றி ஆற்றோரத் தாழ்நிலங்களில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். மேட்டு நிலம் வெள்ளையர்களுடையது. வெள்ளம் வரும் நிலமே மலிவாகக் கிடைத்தது. 1917 அக்டோபர் 28 அன்று பெருமழையில் உம்கேனி ஆறு கரை உடைத்து, இந்தியர்கள் வாழ்ந்த தகரக் குடிசைப் பகுதிக்குள் புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மாரிமுத்து படவட்டன் தலைமையில் ஆறு தமிழ் மீனவர்கள் தங்கள் படகை அந்த ஆற்றில் இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அரசாங்கம் நினைத்துப் பார்க்காத மக்களை அவர்களைப் போன்ற ஆறு பேர் மீட்டார்கள்.

2022 ஏப்ரலில் அதே கரையில் மீண்டும் பெய்தது. 24 மணி நேரத்தில் சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை ஓடைக் கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் இருந்த ஏழைக் குடியிருப்புகள். இப்போது அவற்றில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வெந்நீரோட்டமும் கடற்காற்றும் மலையும் சேர்ந்து அந்த மழையை உண்டாக்கின. அந்த மழை யார் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதை நூறாண்டு நிலச் சட்டங்கள் முன்னமே எழுதி வைத்திருந்தன.

டர்பனின் ஜூலை இன்னும் ஒரு டிகிரி சூடானால், கெப்பனின் வரைபடத்தில் அதன் நிறம் மாறிவிடும். பிரிஸ்பேனுக்கும் அந்த எல்லை தொலைவில் இல்லை. அப்போது மீண்டும் பேச்சு வரும்: எந்த வேலை யாருடைய உடம்புக்கு ஏற்றது, வெயிலில் யார் நிற்கலாம், யார் வேண்டாம் என்று. இப்போதே கோடையில் வெளிவேலை செய்யும் நம்மவர்களிடம் “உங்களுக்கென்ன, வெயில் ஊர்க்காரர்கள்” என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. நம் பிள்ளைகளிடமும் சொல்வார்கள். அன்பாகச் சொன்னாலும் அந்த வாக்கியம் ஒரு பழைய கப்பலில் வந்தது. ட்ரூரோவில் வந்தவர்களுக்கு வெயில் பழக்கமாக இருந்திருக்கலாம். மாதம் பத்து ஷில்லிங் எந்த நாட்டுக் காலநிலையிலும் யாருக்கும் பழக்கமாவதில்லை.